கிறிஸ்துமஸும் வருஷப்பிறப்பும்: மனசு சரியில்லாதவர்கள் கேட்கும் கேள்விகள்

டிசம்பர் வந்துவிட்டால் சபையில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கேரல் ரவுண்ட்ஸ், குடில், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம், ஏழைகளுக்குச் சேலை வேட்டி என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம். இந்தச் சத்தத்துக்குள் சிலர் மட்டும் ஒதுங்கி நின்று மெதுவாகக் கேட்கும் கேள்விகள் உண்டு. வேதபாட வகுப்பு எடுப்பதால் அவற்றில் பாதி என்னிடம் வரும். அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதுகிறேன். நான் போதகர் இல்லை. அதனால் வசனம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், நீங்களே வேதத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் வீட்டில் ஒரு சாவு. நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா?

தலைத் துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது என்பது நம் ஊர் வழக்கம். கிறிஸ்தவ வீடுகளிலும் அது இருக்கிறது. புதுத்துணி எடுப்பதில்லை, பலகாரம் சுடுவதில்லை, அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து தருவார்கள். இதைப் பாவம் என்றோ கட்டாயம் என்றோ எந்தத் திருச்சபையும் சட்டம் போடவில்லை. உங்களுக்கு மனசு வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று ஒரு கேக் வெட்டினீர்கள் என்றால், அதற்காக ஊரார் பேச்சுக்குப் பயப்படவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. "நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், அதனால் கிறிஸ்துமஸ் எங்களுக்கு இல்லை" என்று சொல்பவர்கள் மத்தேயு 2-ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுசாகப் படிக்க வேண்டும். நாடகத்தில் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் கொடுத்ததும் திரையை இழுத்துவிடுகிறோம். மத்தேயு அங்கே நிறுத்தவில்லை. அடுத்து ஏரோது ராஜாவின் ஆட்கள் பெத்லகேமுக்கு வருகிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்பிள்ளைகள் சாகிறார்கள். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்ற எரேமியாவின் வரியை எடுத்து, கிறிஸ்து பிறப்பின் கதைக்கு நடுவிலேயே வைக்கிறார் (2:18). அவளைப் பார்த்து "அழாதே" என்று அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் ஆங்கிலிக்கன் மரபும் டிசம்பர் 28-ஐ அந்தக் குழந்தைகளின் நினைவு நாளாகவே வைத்திருக்கின்றன. பண்டிகை முடிந்து மூன்றே நாளில் அப்படி ஒரு நாள்.

ஆகவே அழுதுகொண்டே கோயிலுக்கு வரலாம். கூட்டமும் விசாரிப்பும் தாங்காது என்றால் விடியற்கால ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். கைகுலுக்க நிற்கவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எனக்கு மட்டும் நெஞ்சு கனக்கிறது. இது விசுவாசக் குறைவா?

இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை திருவருகைக் காலம் என்று ஒதுக்கி, ஊதா நிறத் துணி விரிப்பதே காத்திருப்பவர்களின் ஏக்கத்துக்கு இடம் கொடுக்கத்தான். நாம்தான் டிசம்பர் 1 அன்றே ஸ்பீக்கர் கட்டிவிடுகிறோம்.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட மனுஷன், அடுத்த அதிகாரத்திலேயே ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறார். இன்னொரு தடவை எழுப்பிச் சாப்பாடு. பேச்சு வார்த்தை எல்லாம் அதற்கு அப்புறம்தான், அதுவும் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. சோர்ந்து கிடப்பவனுக்கு முதலில் சோறும் தூக்கமும் என்ற இந்த வரிசையை நம் ஜெபக்குழுக்கள் கொஞ்சம் கற்றுக்கொண்டால் நல்லது.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் போல இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், அது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை, தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் ஜெபத்தின்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

இயேசு பிறந்தது உண்மையில் டிசம்பர் 25-ஆ?

வேதத்தில் தேதி இல்லை. ரோமாபுரியில் 336-ஆம் ஆண்டு வாக்கில் அந்த நாளில் கொண்டாடினார்கள் என்பதற்கு 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு பட்டியல் சாட்சி. அர்மேனியத் திருச்சபை ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது, பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்யர்களுக்கு அது ஜனவரி 7. ஏன் 25 என்பதற்கு, சூரியக் கடவுளின் விழாவுக்குப் பதிலாக வந்தது என்றும், மார்ச் 25-இல் கர்ப்பந்தரித்ததாகக் கொண்டு ஒன்பது மாதம் எண்ணியது என்றும் இரண்டு விளக்கங்களை அறிஞர்கள் சொல்கிறார்கள். விசுவாசம் இந்தத் தேதியில் தொங்கவில்லை. வாட்ஸ்அப்பில் இதற்காகச் சண்டை போடாதீர்கள்.

கடன் வாங்கியாவது கொண்டாடவேண்டுமா? பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்களே?

வேண்டாம். குழுக்கடனையும் நகைக்கடனையும் டிசம்பரில் எடுத்துவிட்டு, ஜனவரியில் தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது அந்தப் பிள்ளைகள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

லூக்கா 2:24-இல் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுபோனபோது யோசேப்பும் மரியாளும் செலுத்தவேண்டிய பலி என்று லூக்கா சொல்வது ஒரு ஜோடி காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு. லேவியராகமம் 12:8-ஐத் திருப்பிப் பாருங்கள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவளுக்கு மோசே கொடுத்த சலுகை அது. கிறிஸ்து பிறந்த வீட்டிலேயே பட்ஜெட் அவ்வளவுதான். பிள்ளைகளிடம் "இந்த வருஷம் கஷ்டம், துணி மட்டும் எடுப்போம், பட்டாசு இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள். நாம் நினைப்பதைவிட அவர்களுக்குப் புரியும்.

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனை வேதத்தில் இருக்கிறதா? நான் போகமுடியாவிட்டால்?

வேதத்தில் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் இருந்த மொரேவியச் சபையார் (ஒரு புராட்டஸ்டண்ட் சபையார்) 1733-இல் வருஷ முடிவில் இப்படிக் கூடி விழித்திருந்தார்கள். அவர்களிடமிருந்தே ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகளுக்கு வந்தது. கடவுளுக்குத் தங்களை மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையையும் வெஸ்லி 1755-இல் தொடங்கினார். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் வருஷத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை நடப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

இந்த வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையை ஆங்கிலத்தில் வாட்ச் நைட் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வாட்ச் நைட் 1862 டிசம்பர் 31-இல் அமெரிக்காவில் நடந்தது. மறுநாள் அடிமைகளுக்கு விடுதலை தரும் ஜனாதிபதி லிங்கனின் பிரகடனம் அமலுக்கு வரவேண்டும். கறுப்பின மக்கள் ஆலயங்களில் கூடி ராத்திரி முழுக்கக் காத்திருந்தார்கள். அவர்கள் சபைகளில் இன்றைக்கும் அந்த ராத்திரியை நினைத்து ஆராதனை நடக்கிறது. வருஷம் மாறுவதில் உண்மையாகவே உயிர் போகிற அர்த்தம் இருந்த கூட்டம் அது.

போகமுடியாவிட்டால் ஒன்றும் ஆகாது. நைட் டியூட்டி நர்ஸ், ரோந்து போலீஸ், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை விட்டு நகரமுடியாத மருமகள், இவர்களையெல்லாம் பன்னிரண்டு மணிக்கு முழங்காலில் இல்லை என்பதற்காகக் கடவுள் விட்டுவிட்டுப் போய்விடுவாரா? அந்த நிமிஷத்தில் ஜெபத்தில் இல்லாவிட்டால் வருஷம் முழுக்கக் கெட்டுவிடும் என்ற பயம் நல்லநேரம் கெட்டநேரம் பார்க்கிற பயம்தான். வேறு பெயரில் உள்ளே வந்திருக்கிறது.

போன வருஷம் எனக்கு எடுத்த வாக்குத்தத்த வசனம் "நான் சாவாமல் பிழைத்திருந்து" என்று வந்தது. ஆகஸ்டில் அப்பா போய்விட்டார். இந்த வருஷம் நான் எப்படி அட்டை எடுப்பேன்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுக்கவேண்டும். வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு தட்டிலோ கூடையிலோ வசன அட்டைகள் இருக்கும், ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். அந்த வருஷத்துக்குக் கடவுள் தனக்குத் தந்த வாக்கு என்று பலரும் அதை பர்ஸில், அரிசி டப்பாவுக்கு மேல், ஆட்டோ கண்ணாடியில் வைத்துக்கொள்வார்கள். சபைக்கென்று ஒரு வருஷ வசனமும் காலண்டரில் அச்சாகும்.

இதைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. மேலே சொன்ன மொரேவியச் சபையில் சின்சென்டோர்ஃப் பிரபு 1728-இல் தினம் ஒரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லி அனுப்பத் தொடங்கினார். 1731-இலிருந்து அது வருஷாவருஷம் புத்தகமாக அச்சாகிறது, அதன் பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் சீட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள். அங்கே அந்த வசனத்தின் வேலை, நாள் முழுக்க ஒரு வார்த்தையை மனசில் வைத்து நடப்பது. நாளைக்கு என்ன நடக்கும் என்று பார்ப்பதற்கு அது வைக்கப்படவில்லை. நம்மிடம் வந்த சிக்கல், அட்டையை நாம் கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டுப் போலப் படிக்கத் தொடங்கியதுதான்.

சங்கீதம் 118:17-ஐ எழுதியவர், சாவின் விளிம்பிலிருந்து மீண்டு வந்து ஆலய வாசலில் நின்று பாடுகிறார். அது அவருக்கு நடந்ததன் சாட்சி. உங்கள் அப்பாவுக்குப் பன்னிரண்டு மாத காப்பீடு என்று அந்த வரியில் எதுவும் இல்லை. அதை அப்படி நம்பவைத்தவர்கள் உங்களுக்குச் செய்தது நல்லதில்லை. அதனால் நீங்கள் "என் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் அப்பா போனார்" என்று உங்கள்மேல் பழி போட்டுக்கொள்ள இடமே இல்லை.

அட்டைகளிலேயே அதிகமாக வருவது எரேமியா 29:11. அவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்கிற வசனம். வேலை கிடைக்கும், கல்யாணம் கூடிவரும் என்று நினைத்து அதை நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறோம். ஆனால் அது எரேமியா தீர்க்கதரிசி எழுதிய ஒரு கடிதத்தின் நடுவரி. கடிதம் போனது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு. அதற்கு முந்தின அதிகாரத்தைப் படியுங்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோருக்கும் முன்னால் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். கேட்பதற்கு எவ்வளவு இனிப்பு! எரேமியாவே "ஆமென், அப்படியே ஆகட்டும்" என்கிறார். ஆனால் அது பொய். கடிதத்தில் வந்த உண்மையான கணக்கு எழுபது வருஷம் (29:10). அதாவது அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பமாட்டார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

இரண்டு வருஷம் என்று சொன்னவனைக் கூட்டத்துக்குப் பிடித்திருக்கும். எழுபது என்று சொன்னவரின் கடிதம்தான் வேதத்தில் நின்றது. பாபிலோனிலேயே செத்துப்போன ஒரு கிழவருக்கும் 29:11 உண்மையாக இருந்திருக்கவேண்டும், இல்லையென்றால் அந்த வசனத்துக்கு அர்த்தமில்லை. அந்த அர்த்தத்தில் அது உங்கள் அப்பாவுக்கும் உண்மை என்று நான் நம்புகிறேன்.

இந்த வருஷம் அட்டை எடுக்க மனசு வரவில்லையென்றால் எடுக்காமல் வாருங்கள். எடுத்தால் வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். அட்டை தயாரிக்கும் சபையாருக்கும் ஒரு வேண்டுகோள்: "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று கேட்கும் 13-ஆம் சங்கீதத்திலிருந்தும் நாலு அட்டை போடுங்கள். யாராவது ஒருவருக்கு அது தேவைப்படும்.

டிசம்பர் 31 அன்று காணிக்கை "விதைத்தால்" கடன் தீரும் என்கிறார்களே?

மாற்கு 12-இல் ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையை எடுத்துத்தான் பெரும்பாலும் இந்தப் பிரசங்கம் நடக்கிறது. அதற்குச் சற்று முன்னால், 40-ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களைப் பற்றி இயேசு சொன்னதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். கடன்காரர் முதலில் கடனை அடைக்கட்டும்.

பண்டிகை சமயத்தில் வந்த பேரழிவுகளைக் கடவுள் ஏன் அனுமதித்தார்?

2004-இல் சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த பக்தர்கள் பலர் கடற்கரையில் இருந்தார்கள். நாகப்பட்டினம், குளச்சல், இலங்கையில் மட்டக்களப்பு என்று கரையெங்கும் சாவு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற குமரிக் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போன ஆண்கள் திரும்புவார்களா என்று தெரியாமலே கிறிஸ்துமஸ் கடந்தது. 2023-இல் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை.

ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தவறான பதில் எது என்று மட்டும் இயேசுவே சொல்லியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்கிறார் (லூக்கா 13:4, 5). சுனாமிக்குப் பிறகு "பாவத்துக்குத் தண்டனை" என்று மேடையில் பேசியவர்கள் இந்த வசனத்தை எப்படித் தாண்டிப்போனார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுவிட்டது. உள்ளே நூற்றுக்கணக்கான பயணிகள். சுற்றுவட்டார மக்கள், தங்கள் வீட்டைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும்போதே, இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். யார் என்ன மதம் என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. ஏன் என்று கேட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது விடை ஆகாது, தெரியும். ஆனாலும் அந்தச் சோற்றைச் சொல்லாமல் அந்த வெள்ளத்தைச் சொல்ல எனக்கு வரவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். யாருக்காகக் குடில் வைப்பது?

லூக்கா 2-இல் மேய்ப்பர்கள் போன பிறகு வருகிற இரண்டு பேரை நாடகத்தில் சேர்க்கமாட்டோம்: சிமியோன், அன்னாள். அன்னாள் கல்யாணமாகி ஏழே வருஷத்தில் புருஷனை இழந்தவள், இப்போது எண்பத்துநாலு வயது என்கிறது தமிழ் வேதம். குழந்தையைப் பார்த்ததும் மீட்புக்குக் காத்திருந்த எல்லோரிடமும் போய்ப் பேசத் தொடங்கியது அந்தக் கிழவிதான். கிறிஸ்துமஸைப் பிள்ளைகள் பண்டிகை என்று ஒதுக்கிவிடவேண்டாம். அமெரிக்காவுக்கும் துபாய்க்கும் வீடியோ கால் போட்டுவிட்டு, மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மாவை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.

வாலிபர் சங்கத்துத் தம்பிகளுக்கு: கேரல் ரவுண்ட்ஸில் காணிக்கைக் கவர் கனமாகத் தரும் வீட்டில் நாலு பாட்டும், இந்த மாதிரி வீட்டில் ஒரு பாட்டும் பாடிவிட்டு ஓடுகிறீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த அம்மா சுட்ட முறுக்கையாவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

துக்க வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் போனால் என்ன சொல்வது?

குறைவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது.

"கர்த்தருக்கு ஒரு நோக்கம் இருக்கும்", "நல்ல ஆத்துமாக்களைத்தான் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்", "அழக்கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்க" இந்த மூன்றையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "அண்ணாச்சி போனது எங்களுக்கும் தாங்கமுடியலை அக்கா" என்பது போதும். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கு இருக்கிறேன் என்றால் அதைவிடப் பெரிய ஜெபம் இல்லை. செத்தவரின் பெயரைச் சொல்லிப் பேசத் தயங்காதீர்கள். அந்தப் பெயரை யாருமே உச்சரிக்காமல் பண்டிகை போவதுதான் அவர்களுக்கு வலிக்கும்.

புது வருஷத்தில் வேதத்தை முழுசாகப் படித்து முடிக்கத் தீர்மானம் எடுக்கலாமா?

எடுக்கலாம். மொத்தம் 1,189 அதிகாரம், நாளைக்கு மூன்று நாலு வரும். பெரும்பாலோர் பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள், அப்புறம் குற்ற உணர்ச்சியில் வேதத்தையே தொடமாட்டார்கள். மனசு சோர்ந்திருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம். டிசம்பர் 1-இல் ஒன்று தொடங்கினால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முடியும். ஜனவரியில் சங்கீதங்களுக்குப் போங்கள், நாளுக்கு ஒன்று. விட்டுப்போன நாளைச் சேர்த்துப் படிக்கவேண்டாம், அன்றைக்கு உள்ளதை மட்டும் படியுங்கள். 88-ஆம் சங்கீதம் வரும்போது அது இருட்டிலேயே முடிகிறதே என்று பயந்து என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அது அப்படித்தான் முடியும். மறுநாள் 89-ஐப் படியுங்கள்.